நாலு கிடாயும் என் முதல் புத்தகமும்

என் எழுத்தால் இந்த உலகத்தில் ஏதாவது மாற்றம் நடந்திருக்கிறதா என்று கண்டியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் கேட்டார்கள். நடந்திருக்கிறது. என் எழுத்தால் நான்கு கிடாய் ஆடுகள் உயிர் பிழைத்திருக்கின்றன. அதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை. (மேடையில் இதைச் சொல்லவில்லை. "சமூகத்தில் ஒரு சிறு அதிர்வு" என்று என்னமோ உளறிவிட்டு இறங்கிவிட்டேன்.)

ஆடு வளர்க்கிறவர் எழுதலாம். எழுதுகிறவர் ஆடு வளர்க்கலாம். ஆனால் விற்பதற்கென்று வளர்க்கும் ஆட்டைப் பற்றி வளர்க்கிறவரே எழுதக்கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்து ஆறு வருடமாகிறது. வந்த விதம்தான் வெட்கக்கேடு.

எங்கள் வீடு அக்குறணை டவுனிலிருந்து மேட்டுப் பக்கமாக ஏறும் பாதையில், முச்சக்கரவண்டிக்காரர் "இதுக்கு மேல ஏறாது" என்று நிறுத்தும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே இருக்கிறது. சுற்றிவர முக்கால் ஏக்கர் வளவு. மிளகு, கராம்பு, இரண்டு பலா மரம், கொஞ்சம் மரக்கறி, கோழி, பின்னால் ஆட்டுக் கொட்டில். என் கணவர் நிஸாமுக்கு டவுனில் ஹாட்வெயார் கடை. காலையில் போனால் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். ஆகவே வளவில் அசைவது அசையாதது எல்லாம் என் பொறுப்பு.

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுக் குசினி மேசையில் எழுத உட்காருவேன். என் கதாநாயகி ஒரு வரி பேசுவாள். கொட்டிலிலிருந்து நான்கு பேர் பதில் சொல்வார்கள். எழுந்துபோய் இலை போட்டுவிட்டு வந்தால் கதாநாயகி கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருப்பாள். என் கதைகளில் பெண்கள் பேச்சின் நடுவே காரணமில்லாமல் மௌனமாகிவிடுகிறார்கள், அதில் ஓர் ஆழ்ந்த துயரம் தெரிகிறது என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். துயரமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருக்கிறேன்.

(இதை எழுதும்போதுகூட ஜன்னல் கட்டையில் ஒரு சேவல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் செம்பு நிற இறகு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அது பார்க்கும்போது, கொப்பி திருத்துகிற கணக்கு டீச்சரைப் போல் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்ததும் இதுதான் புரியாணி. அது கிடக்கட்டும், கதைக்கு வருகிறேன்.)

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே ஓர் ஆசை. என் சிறுகதைகள் ஒரு புத்தகமாக வரவேண்டும். இந்த நாட்டில் தமிழில் புத்தகம் போடுவதென்றால் எழுதியவரே அச்சடித்து, எழுதியவரே வெளியிட்டு, எழுதியவரே அலுமாரியில் அடுக்கி வைக்க வேண்டும். என் கணவர் காசு தரத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அவருடைய மச்சான் ஒருவர், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ராத்தாட கதையெல்லாம் நிஸாம் நானாட ஆணி வித்த காசிலதான் வரும்போல" என்று சொல்லிச் சிரித்தார். (ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன்.) எனக்கு வந்ததே ரோஷம். "என்ட புத்தகம் என்ட ஆட்டுக் காசிலதான் வரும்" என்று நானும் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்னிடம் ஆடே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அடுத்த வாரமே நான்கு கிடாய்க் குட்டிகள் வாங்கினேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க, இரண்டு வயது முடிந்த, நோய் நொடியில்லாத கிடாய் வேண்டும். நல்ல ஆடென்றால் பெருநாள் வருவதற்கு வெகுமுன்பே ஆட்கள் தேடி வந்து, பல் பார்த்து, பேசி வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் பொறுத்தால் புத்தகம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. என் கணவர் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். பேர் மட்டும் வைக்க வேண்டாம் என்றார்.

நான் பேர் வைத்தேன்.

வேண்டுமென்று வைக்கவில்லை. ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், இடது முன்னங்காலில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் ஒரு நிறமுமாக, கொட்டிலின் உயர்ந்த பலகையில் கால்களை அகட்டி நின்று மற்ற மூன்றையும் மேற்பார்வை செய்யும். கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் துரை இப்படித்தான் நிற்பார் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். துரை ஆகிவிட்டது. துரை இருந்தால் கங்காணி வேண்டாமா? சும்மா சும்மா கத்திக்கொண்டு பின்னால் திரிந்தது கங்காணி. எதைப் போட்டாலும் முகர்ந்து முகர்ந்து யோசித்துத் தின்றது கிளாக்கர். எந்நேரமும் இலையைப் பற்றியே சிந்தித்தது டீமேக்கர். ஒரு தோட்டமே உத்தியோகத்தரோடு எங்கள் கொட்டிலுக்குள் குடியேறிவிட்டது.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகையில் "எங்கட வளவு" என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மிளகு, மழை, மண்புழு என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் எழுத ஒன்றுமே இல்லை. துரையைப் பற்றி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் முதல்முறையாகத் தொலைபேசி எடுத்தார். மண்புழுவுக்கு எடுக்காதவர் ஆட்டுக்கு எடுத்தார். அந்த ஆட்டை விடாதீங்க என்றார். நானும் விடவில்லை. பத்து வாரம் விடவில்லை. அத்தர் வாசம் பட்டால் துரை மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதை ஒரு வாரம் எழுதினேன். (கிடாய்கள் புது வாசம் பட்டால் அப்படிச் செய்யும். அதைச் சிரிப்பு என்று எழுதியது நான்.) மழை இரவில் கங்காணியின் முதுகில் அவன் தலை வைத்துத் தூங்குவதை ஒரு வாரம் எழுதினேன். அதைக் குடும்பக் குழுக்களில் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்களாம். எனக்குத் தெரியாது.

எழுதும்போது இது வில்லங்கத்தில் முடியும் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. ஆடு வாங்குகிறவர்கள் வேறு, தமிழ் வாசிக்கிறவர்கள் வேறு என்று நான் மனதார நம்பினேன். என் கணக்கில் எனக்கு மொத்தம் பதினேழு வாசகர்கள். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்.

பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கணவர் நல்ல செய்தியோடு வந்தார். திகனயில் அவருக்குத் தெரிந்த ஒரு ஹாஜியார், தனக்கும் மூன்று தம்பிமாருக்குமாக நான்கு கிடாய் தேடுகிறார். நிஸாமின் வீட்டு ஆடு என்றால் பார்க்கவே தேவையில்லை, முறைக்கு வந்து பல் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். நான்கும் ஒரே கையில்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே கண்டியில் அச்சகக்காரருக்குப் பேசி, அடிக்கத் தொடங்குங்கள் என்றேன். அட்டையை முதலில் அடித்துவிடுகிறேன் மெடம் என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தவர் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக ஒரு பெரிய மனிதர். தூரத்திலேயே அத்தர் மணந்தது. கூட அவருடைய மனைவி ஃபரீதா ராத்தா. வாசலில் என்னைக் கண்டதும் ராத்தா நின்றுவிட்டார். பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு வரும் என் படத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

"அல்லாஹ்வே, எங்கட வளவு எழுதுறது நீங்களா?"

என் வாழ்க்கையில் நேரில் கண்ட முதல் வாசகி. சொந்தக்காரர் இல்லாத வாசகி! அந்த நிமிடமே ஆடு விற்கும் பெண் என்னைவிட்டு இறங்கிப் போய்விட்டாள்; எழுத்தாளர் ஏறி உட்கார்ந்துகொண்டார். நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டேன். பெருநாளுக்கென்று மறைத்து வைத்திருந்த தொதல் பலகாரத்தை எடுத்து வந்தேன். ராத்தா கைப்பையிலிருந்து வெட்டி வைத்த பத்தி ஒன்றை எடுத்துக் கையெழுத்துக் கேட்டார். நான் முன்பின் கையெழுத்துப் போட்டதில்லை. காசோலையில் போடுவதையே போட்டுக் கொடுத்தேன். அறையின் மூலையிலிருந்து என் கணவர் கண்ணைக் காட்டுகிறார், இருமுகிறார், தொப்பியைக் கழற்றுகிறார், போடுகிறார். அவருக்கு என் புகழில் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். (நினைத்ததைப் பிறகு அவரிடம் சொன்னேன். இன்றுவரை அதற்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.)

"துரையக் காட்டுங்களேன்" என்றார் ராத்தா.

காட்டினேன். சும்மா காட்டவில்லை, நூல் வெளியீட்டில் பிரமுகர்களை அறிமுகம் செய்வதுபோல் ஒவ்வொருவராகக் காட்டினேன். இவர் டீமேக்கர், இவர் கிளாக்கர், கத்துகிறவர் கங்காணி, அதோ மேலே நிற்பவர்தான் துரை. ராத்தா கையைத் தட்டிச் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். அவரும் ஒரு வாரமும் விடாமல் வாசிப்பவராம். ராத்தா முடிப்பதற்குள் பத்திரிகையைப் பிடுங்கிவிடுவாராம். மழை இரவுக் கட்டுரையைத் தம்பிமார் மூவருக்கும் அவரே அனுப்பினாராம். நான் பூரித்துப்போய் நிற்கிறேன்.

சிரித்து முடித்து, ஹாஜியார் ஜுப்பாக் கையை மடித்துவிட்டார்.

"சரி நிஸாம், நமக்குப் பேசின நாலையும் கொண்டாங்க. பல்லப் பாத்துட்டுக் கெளம்புவம்."

என் கணவர் தலையைச் சொறிந்தார். கொட்டிலைப் பார்த்தார். ஹாஜியாரும் கொட்டிலைப் பார்த்தார். அதில் இருந்தது நான்கே நான்கு ஆடு. வளவில் வேறு ஆடு கட்டியிருக்கிறதா என்று ராத்தா பலா மரத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். இல்லை. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

ஹாஜியார் பொறுப்பான மனிதர். பேசினால் பேசினதுதான். மெல்ல நடந்து துரையிடம் போனார். வாயைத் திறந்து பார்க்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான். அந்த அத்தர் வாசத்துக்குத் துரை கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, ஒரு பல்லும் மிச்சமில்லாமல் காட்டினான். நான் எழுதியது எழுதியபடியே, முற்றுப்புள்ளி உட்பட.

ஹாஜியாரின் கை அந்தரத்தில் நின்றது.

"சிரிக்கிறான்" என்றார் மெதுவாக.

ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் அவசர அவசரமாக, அது சிரிப்பில்லை, கிடாய்க்கு இயல்பு, நான் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன், உண்மையில் இவன் சரியான கள்ளன், போன மாதம் என் காய்ந்த சேலையை அரைவாசி தின்றுவிட்டான் என்றெல்லாம் அடுக்கினேன். துரையைக் கெட்டவனாக்கினால் காரியம் நடக்கும் என்று நினைத்தேன். ஹாஜியார் அதற்கும் சிரித்தார். சேலைக் கதையை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

கடைசி ஆயுதமாக மார்க்கத்தை எடுத்தேன். பிரியமானதைக் கொடுப்பதில்தானே குர்பானின் சிறப்பு ஹாஜியார் என்றேன்.

அவர் மடித்த ஜுப்பாக் கையை இறக்கிவிட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் தங்கச்சி. ஆனா எனக்கு இவன்மேல ஈக்கிற பிரியம் ஒங்கட எழுத்தால வந்தது. ரெண்டு வருஷமா வளத்த பிரியம் ஒங்களுக்குத்தான். அப்ப ஒங்கட பேர்லதானே குடுக்கணும்?"

பதினைந்து வருடமாகச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அதற்குப் பதில் சொன்னது கங்காணிதான்.

ஹாஜியார் பேச்சு மாறியதற்கு என் கணவரிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். தம்பிமாருக்கும் சேர்த்து வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகும்போது ராத்தா, கீழே நிறுத்தியிருந்த வான் வண்டியிலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். எங்களுக்கென்று நினைத்துக் கை நீட்டினேன். ஆடுகளுக்காம்.

அவர்கள் போனதும் அச்சகக்காரருக்குப் பேசி, நிறுத்துங்கள் என்றேன். "அட்டை அடிச்சாச்சுங்களே மெடம்" என்றார். மறுநாள் அட்டைக் கட்டு வந்து சேர்ந்தது. என் பெயர், தலைப்பு, வானத்தைப் பார்க்கும் ஒரு பெண்ணின் ஓவியம். உள்ளே ஒன்றுமில்லை. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நன்றாக அழுதேன். கல்யாண வீட்டில் சிரித்த அந்த மச்சானின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

என் கணவர் சும்மா இருக்கவில்லை. நாலைந்து நாள் தேடித் திரிந்து, ஓர் ஆளைப் பிடித்து வந்தார். மாத்தளைப் பக்கத்து மனிதர். பத்திரிகை தொடமாட்டார், கைபேசியில் கோல் மட்டும்தான். எழுத்து என்ற வியாதியே அவரை அண்டவில்லை. அப்படிப்பட்டவரைத் தேட எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் பாருங்கள். வந்த மனிதர் பெயர் கேட்கவில்லை, சிரிப்புப் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், சரி என்றார், இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்துத் துரையின் கழுத்தில் போட்டார்.

நான் குசினிக்குள் நின்று, புத்தகம், புத்தகம், புத்தகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் நான் கொட்டிலடியில் நிற்கிறேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் கரண்டி வேறு.

"அந்த ஆட்டுக்குச் சுகமில்ல" என்றேன்.

நோயுள்ள ஆடு குர்பானுக்கு ஆகாது. அந்த மனிதர் கயிற்றைத் தளர்த்தினார். சுகமில்லாத துரை அந்த நேரம் பார்த்து ஒரே பாய்ச்சலில் மேல் பலகைக்கு ஏறிக் கால்களை அகட்டி நின்றான்.

"பாத்தா நல்லாத்தானே ஈக்கிது?"

"வெளிய தெரியாது. உள்ளுக்கு" என்றேன். அப்போ மற்ற மூன்றும் என்று கேட்டார். அதுகளுக்கும் அதேதான், தொற்றிவிட்டது என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். அலைந்து திரிந்து பிடித்த ஆள். ஒரு வார்த்தை என்னைக் கோபித்திருந்தாலும் நியாயம்தான்.

"உண்மதான் நானா" என்றார் பெருமூச்சோடு. "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சுகமில்ல."

அந்தப் பெருநாளுக்கு நாங்கள் ஒரு மாட்டில் ஒரு பங்கு சேர்ந்து குர்பான் கொடுத்தோம். நான் இதுவரை பார்த்திராத, பெயர் தெரியாத, எழுத்தில் வராத மாடு.

புத்தகம் என்னவாயிற்று என்றால், அடுத்த வருடம் வந்தது. ஃபரீதா ராத்தா திகனயில் எல்லோரிடமும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் துரையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூசி, பூஞ்சாடிக்கும் மரக்கறிக்கும் என்று ஆட்டெரு ஒரு பை வாங்கிப் போனார்கள். துரையின் எரு என்று கேட்டு வாங்கினார்கள். (கிளாக்கருடையதையும் கலந்துதான் கொடுத்தேன். யாராலும் பிரித்துப் பார்க்க முடியாதே.) அந்தக் காசில்தான் உள்பக்கங்கள் அச்சாகின. என் புத்தகம் என் ஆட்டுக் காசில்தான் வந்தது. ஆட்டின் எந்தப் பக்கத்துக் காசு என்று நான் அந்தக் கல்யாண வீட்டில் சொல்லவில்லையே.

வெளியீட்டில் முதற்பிரதியை ஹாஜியார் பெற்றுக்கொண்டார். அரை மணித்தியாலம் பேசினார். முழுக்கத் துரையைப் பற்றி. என் பதின்மூன்று கதைகளைப் பற்றி ஒரு வசனமில்லை. அந்த மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு இரண்டு பிரதி வாங்கினார்.

துரை இன்னும் இருக்கிறான். கிழவனாகிவிட்டான், பல் பாதி போய்விட்டது, ஆனாலும் அத்தர் பூசி யாராவது வந்தால் மிச்சமிருப்பதைக் காட்டுவான். எங்கள் வீட்டில் அதிலிருந்து ஒரு சட்டம். ஆடோ கோழியோ, எதையும் அறுப்பதற்கு முன் மகள் ரிஸ்னா என்னிடம் வந்து, "உம்மா, இதப் பத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்பாள். எழுதவில்லை என்று நான் சொன்னால்தான் கத்தி வெளியே வரும். விருந்தாளிகள் முன்னாலும் கேட்பாள். சொந்தக்காரர்கள் இதைக் கேட்பதற்காகவே வருகிறார்கள்.

இதோ, இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று மேலிருந்து கீழே வாசித்துவிட்டாள். செம்பு நிறக் கழுத்து, கணக்கு டீச்சர் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"வாப்பா, உம்மா சேவலப் பத்தி எழுதிட்டாங்க."

ஜும்ஆவுக்குப் போகக் கையில் அத்தர் போத்தலோடு நின்ற என் கணவர் அதை மூடி வைத்தார்.

"அப்ப இண்டைக்கும் பருப்புத்தான்."